விரல் வீக்கமும் ரத்த ரிப்போர்ட்டும்: முடக்குவாதப் பரிசோதனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் விரல் வலிக்கு ஒவ்வொரு பகுதிக்காரர்களும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார்கள். அம்மாப்பேட்டை என்றால் தறி. செவ்வாய்ப்பேட்டை என்றால் கொலுசுப் பட்டறை. ஏற்காடு என்றால் காப்பிப் பழம் பறித்தது, இல்லாவிட்டால் மலைக்குளிர். பெரும்பாலான வலிக்கு அந்தக் காரணமே சரியாக இருக்கும். ஆனால் அதையே சொல்லிச் சொல்லி முடக்குவாதத்தை மாதக்கணக்கில் வளரவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல. என்ன மருந்து, எவ்வளவு நாள் என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. எந்த டெஸ்ட் எதற்கு, ரத்தம் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன்.

கிராமத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பதும், பொதுவாக முடக்குவாதம் என்பதும், மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. என்பதும் ஒரே நோய்தான். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 30 வயதிலிருந்து 60 வயதுக்குள் தொடங்குகிறது.

இந்த நோயை ஒரே டெஸ்டில் உறுதியாகச் சொல்ல முடியாது. “ஆர்.ஏ. பாசிட்டிவ்” என்ற வரியைப் பார்த்து அழுதுகொண்டே போனவர்களில் பலருக்கு இந்த நோய் கிடையாது. “நெகட்டிவ்” என்று நிம்மதியாகப் போனவர்களில் சிலருக்கு நோய் இருந்திருக்கிறது. மூட்டு என்ன சொல்கிறது என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் வரும்.

படி 1: முதலில் கையைப் பாருங்கள்

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் உங்கள் மூட்டுகளைக் கவனித்துக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு இந்தக் குறிப்பு எந்த டெஸ்டையும்விட உதவும்.

காலையில் எழுந்ததும் விரல்கள் இறுகிக் கிடக்கின்றனவா? எவ்வளவு நேரத்தில் இளகுகின்றன? கடிகாரத்தைப் பார்த்தே எழுதுங்கள். தேய்மானத்தால் வரும் வலியில் இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் போய்விடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை, சமையல் பாதி ஆன பிறகுதான் கை வசத்துக்கு வருகிறது என்றால் அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்த மூட்டு என்பது அடுத்த கேள்வி. முடக்குவாதம் பிடிப்பது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளை, விரலின் நடு மூட்டுகளை, மணிக்கட்டை, காலில் விரல்கள் தொடங்கும் இடத்தை. விரல் நுனியில் நகத்தை ஒட்டிய மூட்டை அது பெரும்பாலும் விட்டுவிடும். அங்கே கெட்டியாகப் புடைத்திருந்தால் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, முடக்குவாதம் பொதுவாக இரண்டு கைகளிலும் சேர்ந்து வரும். தறியோ கொலுசு வேலையோ காரணம் என்றால் அதிகம் உழைக்கிற கைதான் முதலில் வலிக்க வேண்டும். வேலைக்குப் போகாத நாளிலும் இரண்டு கையும் ஒன்றுபோல வீங்கினால் தொழிலைக் காரணம் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். மலைக்குளிரும் அப்படித்தான். குளிர் இறுக்கத்தைக் கூட்டலாம். ஆனால் மூட்டை வீங்க வைக்காது.

வலி வேறு, வீக்கம் வேறு. முடக்குவாத வீக்கம் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தொட்டால் சூடாக இருக்கலாம். நான்கு விரல் முட்டிகளையும் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அமுக்கும்போது சுரீரென்று வலித்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீக்கம் மாலையில் வடிந்துவிடும் என்றால் காலையிலேயே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. மதியம் ஓ.பி.யில் மருத்துவர் பார்க்கும்போது அது காணாமல் போயிருக்கலாம்.

இப்படி வீக்கம் இருந்து ஆறு வாரம் தாண்டியிருந்தால் இனி தள்ளிப் போடாதீர்கள். முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கியவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் மூட்டின் கதி ஒன்றாக இருப்பதில்லை. எலும்பு அரிப்பு முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது.

படி 2: யாரிடம் காட்டுவது

நேராக லேபுக்கு வந்து “வாத டெஸ்ட் எடுங்க” என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம், முதலில் மருத்துவர். மூட்டு வாத நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட் கிடைத்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால் பொது மருத்துவர் போதும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். சிக்கலான நோய் என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு இறங்கினால் ஒரே நாளில் வேலை முடிய வாய்ப்பு அதிகம்.

படி 3: எந்த டெஸ்ட், எதற்காக

மருத்துவர் வழக்கமாக எழுதுவது ஐந்து: ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முழு ரத்த எண்ணிக்கை அதாவது சி.பி.சி. முதல் இரண்டும் உடல் தன் சொந்தத் திசுவுக்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், தயாரிக்கிறதா என்று பார்க்கின்றன. அடுத்த இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எதனால் என்று சொல்லாது. சி.பி.சி.யில் முடக்குவாதக்காரர்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைந்தும் தட்டணுக்கள் கூடியும் இருப்பது சகஜம்.

நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மூட்டு வலி என்றாலே ஏ.எஸ்.ஓ. என்ற டெஸ்டையும் சேர்த்து எடுக்கிறார்கள். அது தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சமீபத்தில் வந்து போனதா என்று காட்டுவது. குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் வரும் ருமாட்டிக் காய்ச்சலைச் சந்தேகிக்கும்போது அது தேவை. 40 வயதுப் பெண்ணின் விரல் வீக்கத்துக்கு அது எந்தப் பதிலும் தராது. பெயரில் ‘ருமாட்டிக்’ இருப்பதால் இரண்டு நோயையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யூரிக் ஆசிடும் அப்படித்தான். அது கவுட் என்கிற வேறொரு மூட்டு நோய்க்கானது. ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் கவுட்டைச் சந்தேகிப்பார்கள். யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கும் எல்லோருக்கும் கவுட் இல்லை. கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த எண் சாதாரணமாகவே காட்டுவதும் உண்டு.

படி 4: ரத்தம் கொடுக்கும் நாள்

இந்த ஐந்து டெஸ்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றைச் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலை டிபன் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும்.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் சொல்லுங்கள். இதில் பெரிய விஷயம் ஸ்டீராய்டு. வலிக்கு மெடிக்கலில் கொடுக்கும் பெயர் தெரியாத பொட்டல மாத்திரை, நாட்டு மருந்து என்று விற்கும் பொடி இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் வீக்கம் வடிந்து, பசி எடுத்து, முகம் பூரித்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போனால் இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் இறங்கிவிடும், நோய் இல்லாத மாதிரி ரிப்போர்ட் வரும். அதற்காக நீண்ட நாள் சாப்பிட்டதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் ஆன்டிபாடி டெஸ்டுகளை அது குழப்பும். காய்ச்சல், சளி, பல் வீக்கம், சிறுநீர்த் தொற்று இருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில் அது தீர்ந்து இரண்டு வாரம் கழித்து வருவது நல்லது. இல்லாவிட்டால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. கூடியது மூட்டாலா சளியாலா என்று பிரிக்க முடியாது.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., சி.ஆர்.பி. மூன்றும் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில் பார்ப்பவை. ரத்தத்தை உறையவிட்டு, சீரத்தைப் பிரித்துக் குளிர்ச்சியாக வைத்தால் சில நாட்கள் வரை கெடாது. இ.எஸ்.ஆர். அப்படி இல்லை. அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு ஏற்காட்டில் எடுத்த ரத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் மற்ற மாதிரிகளோடு காத்திருந்து, மாலையில் குழாயில் நிறுத்தப்பட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. இ.எஸ்.ஆரையும் சி.பி.சி.யையும் மட்டும் அங்கேயே பார்க்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது நீங்களே சேலம் வந்து ரத்தம் கொடுங்கள்.

இ.எஸ்.ஆர். என்பது ரத்தத்தை ஒரு நீளக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லி மீட்டர் கீழே இறங்குகின்றன என்று அளப்பது. குழாய் மூன்று டிகிரி சாய்ந்தாலே எண் கணிசமாகக் கூடிவிடும். அறை வெப்பம் கூடினாலும் எண் கூடும். மே மாதத்துச் சேலத்தில் ஏ.சி. இல்லாத அறையில் பார்த்த இ.எஸ்.ஆரைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: ஆர்.ஏ. ஃபேக்டரைப் படிப்பது

இது பழைய டெஸ்ட். நார்வே நாட்டு எரிக் வாலர் 1940-இலும் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் 1948-இலும் தனித்தனியாக விவரித்தது. நம் உடலின் ஒரு ஆன்டிபாடியையே தாக்கும் இன்னொரு ஆன்டிபாடியைத்தான் இது தேடுகிறது. முடக்குவாதம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு இது பாசிட்டிவாக வரும். மீதி 30 பேருக்கு நோய் இருந்தும் வராது.

அதைவிடப் பெரிய சிக்கல், நோய் இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பது. ஆரோக்கியமானவர்களிலேயே 100-க்குச் சுமார் 5 பேருக்கு வரலாம், வயது கூடக்கூட இன்னும் அதிகம். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, இதய வால்வில் கிருமித் தொற்று, கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய் இவற்றிலும் பாசிட்டிவ் ஆகும். “கண்ணு, எனக்கு ஆர்.ஏ. இருக்குதாம், ஆனா முழங்கால்தான் வலிக்குது” என்று சொல்லும் 70 வயதுப் பாட்டிகளில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சாதாரண மூட்டுத் தேய்மானம். ஆர்.ஏ. ஃபேக்டர் என்று டெஸ்டுக்குப் பெயர் வைத்துவிட்டதால் பாசிட்டிவ் என்றாலே நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறான முத்திரையோடு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் லேடெக்ஸ் துகள் கலந்து, திரிகிறதா என்று கண்ணால் பார்த்த டெஸ்ட். முதல் சல்லடையாக அது சரி. ஆனால் நோயை முடிவு செய்ய எண்ணோடு வரும் ரிப்போர்ட் வேண்டும், ஏனென்றால் எவ்வளவு கூடுதல் என்பதே முக்கியம். ஆன்டிபாடி மிக மிக அதிகமாக இருக்கும்போது துகள் திரியாமல் போய் தவறாக நெகட்டிவ் வருவதும் உண்டு. கைவீக்கம் பளிச்சென்று இருந்து தகட்டு டெஸ்ட் நெகட்டிவ் என்றால், இயந்திரத்தில் எண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண் வந்ததும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த லேபின் மேல் எல்லையைப் பாருங்கள். ஒரு லேபில் 14, இன்னொன்றில் 20 என்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டி மூன்று மடங்கு வரை இருந்தால் குறைந்த பாசிட்டிவ், மூன்று மடங்குக்கு மேல் போனால் அதிக பாசிட்டிவ். எல்லை 20 என்றால் 34 குறைவு, 90 அதிகம். இரண்டு லேபின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

படி 6: ஆன்டி சி.சி.பி.

எனக்கு இந்த ஐந்தில் அதிக மதிப்பு இதன்மேல்தான். விலை ஆர்.ஏ. ஃபேக்டரைவிடப் பல மடங்கு. அதனால்தான் பலர் “இது வேண்டாம், மத்ததை எடுங்க” என்பார்கள். விரல் வீக்கம் உள்ளவர்கள் வேறு எதையாவது விட்டாலும் இதை விடக் கூடாது என்பது என் எண்ணம்.

அழற்சி இருக்கும் இடத்தில் சில புரதங்களில் ஆர்ஜினின் என்ற பகுதி சிட்ருலின் என்ற வடிவத்துக்கு மாறும். முடக்குவாதம் வரக்கூடியவர்களின் உடல் அந்த மாறிய புரதத்தை அந்நியனாக எண்ணி ஆன்டிபாடி தயாரிக்கிறது. புகைபிடித்தால் நுரையீரலில் இந்த மாற்றம் கூடுகிறது, ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டு. இந்த ஆன்டிபாடி நோயுள்ள 100 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் வரும், அந்த வகையில் பழைய டெஸ்டைவிட மேல் என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் இல்லாத 100 பேரில் சுமார் 95 பேருக்கு இது சரியாக நெகட்டிவ் காட்டும். அதாவது வீங்கிய விரலோடு இது பாசிட்டிவ் ஆனால் நோய் உறுதி என்றே ஏறக்குறைய எடுத்துக்கொள்ளலாம். எண் அதிகமாக இருப்பவர்களுக்கு எலும்பு அரிப்பு வேகமாக வர வாய்ப்பு கூடுதல், அதனால் மருத்துவர் தீவிரமான மருந்தில் தொடங்கலாம்.

விதிவிலக்கு ஒன்று நம் ஊருக்கு முக்கியம். தீவிரமான காசநோயிலும் இது பாசிட்டிவ் ஆவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதலில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

இந்த ஆன்டிபாடி நோய் தொடங்கும் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் பழைய சேமிப்பு மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில வருடங்கள் முன்பே ஆன்டிபாடி இருந்தது தெரிந்தது. அம்மாவுக்கு நோய் இருக்கிறது என்று மகளுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வீக்கம் எதுவும் இல்லையென்றால் எடுக்காதீர்கள். பாசிட்டிவ் வந்தாலும் அதை மட்டும் வைத்து மருந்து தொடங்க மாட்டார்கள். கவலைதான் மிஞ்சும்.

படி 7: இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும்

இ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 சேர்த்து அதில் பாதி. 60 வயதுப் பெண்ணுக்கு 35 வரை இருந்தால் பதற வேண்டியதில்லை. ரத்தச் சோகையும் கர்ப்பமும் இதைக் கூட்டிக் காட்டும். நம் பெண்களிடம் ரத்தச் சோகை அவ்வளவு பரவலாக இருப்பதால் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் இ.எஸ்.ஆரைப் படிக்கவே கூடாது.

சி.ஆர்.பி. கல்லீரல் தயாரிக்கும் புரதம். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, அடங்கியதும் சில நாளில் இறங்கிவிடும். இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும். சி.ஆர்.பி.யில் கவனிக்க வேண்டியது அலகு. சில லேப் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி கிராம் என்று தரும், சில ஒரு டெசி லிட்டருக்கு. முதல் அலகில் 12 என்பதும் இரண்டாவதில் 1.2 என்பதும் ஒரே அளவு. போன மாதம் 12, இந்த மாதம் 1.2, நோய் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் அலகைப் பாருங்கள். இதய நோய் அபாயத்தைப் பார்க்கும் ஹைசென்சிட்டிவ் சி.ஆர்.பி. இதற்குத் தேவையில்லை.

முக்கியமாக, இவை இரண்டும் சரியாக இருந்தும் மூட்டில் நோய் ஓடிக்கொண்டிருக்கலாம்.

படி 8: கணக்குப் போடுவது

2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு வாத மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையைத் தந்தன. ஒரு மூட்டிலாவது உண்மையான வீக்கத்தை மருத்துவர் கையால் தொட்டு உறுதி செய்திருக்க வேண்டும். அதற்கு வேறு நோய் காரணமாகவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் இந்தக் கணக்கு. மொத்தம் 10, அதில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முடக்குவாதம்.

மூட்டுகள்: தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டு ஒன்று என்றால் 0, இரண்டு முதல் பத்து என்றால் 1. சிறு மூட்டுகள் ஒன்று முதல் மூன்று வரை 2, நான்கு முதல் பத்து வரை 3. சிறு மூட்டு ஒன்றாவது சேர்ந்து பத்துக்கு மேல் போனால் 5. ஆன்டிபாடி: இரண்டுமே நெகட்டிவ் என்றால் 0, ஏதாவது ஒன்று குறைந்த பாசிட்டிவ் என்றால் 2, அதிக பாசிட்டிவ் என்றால் 3. இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1. தொல்லை தொடங்கி ஆறு வாரம் அல்லது அதற்கு மேல் என்றால் 1.

மூன்று கற்பனை ரிப்போர்ட்டுகளில் போட்டுப் பார்ப்போம். அம்மாப்பேட்டையில் தறி நெய்யும் 38 வயதுப் பெண், ஐந்து சிறு மூட்டு வீக்கம், ஆன்டி சி.சி.பி. எல்லை 20, அவருக்கு 96, சி.ஆர்.பி. கூடுதல், இரண்டு மாதமாக. 3, 3, 1, 1 சேர்த்து 8. உறுதி.

62 வயது ஓய்வுபெற்ற ஊழியர், இரண்டு முழங்கால் மட்டும், ஆர்.ஏ. ஃபேக்டர் 34, இ.எஸ்.ஆர். 28, சி.ஆர்.பி. சரி, வருடக்கணக்கில் வலி. 1, 2, 0, 1. மொத்தம் 4. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருந்தும் முடக்குவாதம் என்று சொல்ல முடியாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் 45 வயதுப் பெண், இரு கையிலும் சேர்த்துப் பன்னிரண்டு சிறு மூட்டு வீக்கம், ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் நெகட்டிவ், சி.ஆர்.பி. கூடுதல், மூன்று மாதம். 5, 0, 1, 1. மொத்தம் 7. இரண்டு ஆன்டிபாடியும் இல்லாமலே நோய் இருக்கிறது. இவரைத்தான் “ரிப்போர்ட் நார்மல், குளிர்தான் காரணம்” என்று மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணக்கு 6-க்குக் கீழே நின்றாலும், வீக்கம் தொடர்ந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த மாதம் 4 ஆக இருப்பது மூன்று மாதத்தில் 6 ஆகலாம். சந்தேகம் இருந்தால் மூட்டில் அல்ட்ராசவுண்டு எடுத்து உள்ளே இருக்கும் வீக்கத்தைப் பார்க்க முடியும்.

படி 9: மாறுவேடத்தில் வருபவை

முதல் சந்தேகம் சிக்குன்குனியா. 2006-இல் தமிழ்நாட்டை அது புரட்டிப் போட்டது பலருக்கு நினைவிருக்கும், இன்றும் வந்துகொண்டிருக்கிறது. காய்ச்சல் போன பிறகும் விரலும் மணிக்கட்டும் மாதக்கணக்கில் முடக்குவாதம் போலவே வீங்கும். ஆர்.ஏ. ஃபேக்டர்கூடத் தற்காலிகமாகப் பாசிட்டிவ் ஆகலாம். வலி தொடங்கும் முன் கடும் காய்ச்சல் வந்ததா, வீட்டிலோ தெருவிலோ மற்றவர்களுக்கும் வந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். சிக்குன்குனியா ஐ.ஜி.எம். டெஸ்ட் முதல் சில வாரங்களில் உதவும்.

முகத்தில் வெயில் பட்டால் சிவப்பு, முடி கொட்டுதல், வாய்ப்புண், சிறுநீரில் நுரை இருந்தால், எதிர்ப்பு மண்டலம் உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய்க்காக ஏ.என்.ஏ. என்ற ஆன்டிபாடி டெஸ்ட் பார்ப்பார்கள். முடக்குவாதக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரலாம், அதனால் அது மட்டுமே லூபஸ் ஆகிவிடாது. தோலில் செதில் செதிலாக உதிர்ந்தால் சோரியாசிஸ் மூட்டு வாதம், அதற்கு ரத்த டெஸ்ட் கிடையாது. இளம் வயதில் காலை முதுகு இறுக்கம் என்றால் முதுகெலும்பு வாதத்தைச் சந்தேகித்து ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு டெஸ்ட் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தாலும் கை இறுகும், அதனால் டி.எஸ்.ஹெச்.சையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

படி 10: மருந்துக்கு முன்னும் பின்னும்

நோய் உறுதியானதும் இன்னொரு சுற்று ரத்தம் கேட்பார்கள். “மறுபடியுமா” என்று சலித்துக்கொள்ள வேண்டாம், இது உங்கள் பாதுகாப்புக்கு. முடக்குவாதத்துக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். அதற்கு முன் சி.பி.சி., கல்லீரல் டெஸ்ட், கிரியாட்டினின், ஹெபடைடிஸ் பி, சி, மார்பு எக்ஸ்ரே பார்ப்பார்கள். பின்னால், எதிர்ப்பு மண்டலத்தின் குறிப்பிட்ட பகுதியை அடக்கும் பயாலஜிக் ஊசி தேவைப்பட்டால், மறைந்திருக்கும் காசநோய்க்கான டெஸ்ட் கட்டாயம்.

மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சி.பி.சி., கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு மூட்டு வீக்கத்தையும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.யையும் பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் குறைகிறதா என்று மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. நோய் நன்றாக அடங்கியவர்களுக்கும் அவை பாசிட்டிவாகவே நிற்கலாம்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, மாத்திரை அட்டையின் மேலேயே ஒட்டிவிடுங்கள். அந்த மருந்தில் இருக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், வேறு மருந்து இருக்கிறது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறல், காரணமில்லாத ரத்தக் கட்டு இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய் சி.பி.சி. பாருங்கள்.